அசேதன இரசாயனம், பல்கலைக்கழக முதலாம் வருடம்: மட்டக்களப்பு, அம்பாறை மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வந்தாறுமூலையில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞான பீடத்திற்கும், சம்மாந்துறையில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடத்திற்கும் ஆண்டுதோறும் வந்து சேரும் பிள்ளைகளில் பலர் முதல் சில வாரங்களிலேயே அசேதன இரசாயனத்தைக் கண்டு மலைத்துப் போகிறார்கள். அவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும், அவற்றுக்கு நான் சொல்லிவந்த பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன். பாடத்திட்டம் இடத்துக்கு இடம் சற்று மாறலாம். ஆனால் அடிப்படை எங்கும் ஒன்றுதான்.

உயர்தரத்தில் இரசாயனவியலுக்கு ஏ சித்தி எடுத்த எனக்கு, அதே பாடம் இங்கே ஏன் கடினமாக இருக்கிறது?

பாடம் அதேதான், கேள்வி மாறிவிட்டது. சோடியமும் குளோரினும் சேர்ந்தால் என்ன உண்டாகும் என்பது பாடசாலைக் கேள்வி. ஏன் உண்டாக வேண்டும், எவ்வளவு சக்தி செலவாகி எவ்வளவு திரும்பி வருகிறது என்பது இங்கே கேட்கப்படும் கேள்வி.

“எட்டு இலத்திரன் நிறைவதற்காகச் சோடியம் ஓர் இலத்திரனைக் கொடுக்க விரும்புகிறது” என்று நம்மில் அநேகர் மனப்பாடம் செய்துகொண்டு வந்திருக்கிறோம். சோடியம் அப்படி விரும்பிக் கொடுப்பதே இல்லை. ஒரு மூல் வாயுநிலைச் சோடியம் அணுக்களிலிருந்து இலத்திரன்களைப் பிடுங்குவதற்கு 496 கிலோயூல் செலவிட வேண்டும். அவற்றைக் குளோரின் அணுக்கள் பெற்றுக்கொள்ளும்போது திரும்பக் கிடைப்பது 349 கிலோயூல் மட்டுமே. திண்மச் சோடியத்தை வாயுவாக்க 108, குளோரின் மூலக்கூற்றை உடைத்து அணுவாக்க 121 என்று மேலும் இரு செலவுகள் உண்டு. எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தால் 376 கிலோயூல் நட்டத்தில் நிற்கிறோம். அந்த நட்டத்தைத் தீர்ப்பது எதிரெதிர் ஏற்றங்கொண்ட அயன்கள் நெருங்கி வந்து திண்மமாக அடுக்கப்படும்போது வெளிவரும் சாலகச் சக்தியாகிய 787 கிலோயூல். நட்டம் போக மிஞ்சுவது 411. சோடியம் குளோரைட்டின் தோன்றல் வெப்பம் என்று அட்டவணையில் காணும் எண் அதுவே.

இந்த வரவு செலவுக் கணக்கை ஒருமுறை உங்கள் கையால் எழுதிப் பாருங்கள். முதலாம் வருட அசேதன இரசாயனத்தின் பெரும்பகுதி, ஒன்றையொன்று எதிர்த்து நிற்கும் இரண்டு சக்திகளில் எது வெல்கிறது என்று பார்ப்பதுதான். பின்வரும் பதில்கள் பலவற்றிலும் இதே கணக்குத்தான் வேறு வேறு உருவத்தில் வரும்.

நூற்றுப் பதினெட்டு மூலகங்கள் இருக்கின்றன. எங்கிருந்து தொடங்குவது?

பயன்படு கருவேற்றத்திலிருந்து தொடங்குங்கள். வெளியோட்டில் இருக்கும் ஓர் இலத்திரனுக்குக் கருவின் முழு இழுவையும் போய்ச் சேர்வதில்லை. உள்ளே இருக்கும் இலத்திரன்கள் திரைபோல நின்று அதில் ஒரு பங்கை மறைத்துவிடுகின்றன. மறைத்தது போக மிஞ்சும் இழுவை எவ்வளவு என்பதை மதிப்பிட ஜோன் ஸ்லேட்டர் 1930 இல் எளிய விதிகள் சிலவற்றைத் தந்தார். எஸ், பி (ஓர் ஓட்டுக்குள் இருக்கும் உபசக்தி மட்டங்களின் பெயர்கள்; டி யும் அப்படியே) இலத்திரன் ஒன்றுக்கு, அதே ஓட்டில் உள்ள மற்ற ஒவ்வோர் எஸ், பி இலத்திரனும் 0.35, அதற்கு அடுத்த உள்ளோட்டில் உள்ள ஒவ்வொன்றும் 0.85, அதற்கும் உள்ளே இருப்பவை ஒவ்வொன்றும் 1.00 என்ற அளவில் கருவை மறைப்பதாகக் கொள்ளுங்கள்.

சோடியத்துக்குப் போட்டுப் பார்ப்போம். கருவில் 11 புரோத்தன்கள். மறைப்பு, எட்டு இலத்திரன்களுக்கு 6.8, இரண்டுக்கு 2.0, ஆக 8.8. மிஞ்சுவது 2.2. குளோரினில் 17 புரோத்தன்கள், மறைப்பு 2.1, 6.8, 2.0 ஆக 10.9, மிஞ்சுவது 6.1. ஒரே ஆவர்த்தனத்தில் இடமிருந்து வலம் போகும்போது அணு ஏன் சிறுக்கிறது, அயனாக்கற் சக்தி (இலத்திரனைப் பிடுங்கச் செலவாகும் சக்தி) ஏன் கூடுகிறது, மின்னெதிர்த்தன்மை (பிணைப்பு இலத்திரன்களைத் தன்பக்கம் இழுக்கும் திறன்) ஏன் ஏறுகிறது என்ற மூன்று கேள்விகளுக்கும் இந்த 2.2 க்கும் 6.1 க்கும் இடையிலுள்ள வேறுபாட்டில் பதில் இருக்கிறது. மூன்றையும் தனித்தனியாகப் பாடமாக்குவது வீண் பாரம்.

3டி க்கு முன்னரே 4எஸ் (நான்காம் ஓட்டின் எஸ் மட்டம்) நிரம்புகிறது; பின்னர் இலத்திரன் போகும்போதும் 4எஸ் தான் முதலில் போகிறது. இது முரண்பாடு இல்லையா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர் பாடத்தை உண்மையாகவே யோசித்துப் படிக்கிறார் என்பது என் அனுபவம். மேலே சொன்ன விதிகளே இதையும் தீர்க்கும். டி இலத்திரனுக்கு ஒரு வேறுபாடு உண்டு: அதற்கு உட்பட்ட தொகுதிகளில் இருக்கும் இலத்திரன்கள் எல்லாம் முழுதாக 1.00 மறைக்கும்.

பொற்றாசியத்தின் பத்தொன்பதாவது இலத்திரனை 4எஸ் இல் வைத்தால் அதற்கு எட்டும் கருவேற்றம் 2.2. அதையே 3டி இல் வைத்தால் எட்டுவது 1.0 மாத்திரம். ஆகவே அது 4எஸ் இல் இருப்பதே உறுதியானது. இப்போது இரும்புக்கு வாருங்கள். அங்கே கருவில் 26 புரோத்தன்கள். 4எஸ் இலத்திரன் உணர்வது 3.75, 3டி இலத்திரன் உணர்வது 6.25. நிலைமை தலைகீழாகிவிட்டது. அணுவெண் கூடக் கூட 3டி கருவை நோக்கி உள்ளே இழுக்கப்பட்டுவிட, 4எஸ் வெளியே தளர்ந்து நிற்கிறது. ஆகவே இரும்பு +2 அயனாகும்போது போவது 4எஸ் இலத்திரன்கள் இரண்டும். நிரப்பும் வரிசையைப் பார்ப்பது ஓர் அணுவிலிருந்து அடுத்த அணுவுக்குப் போகும்போது. இலத்திரன் அகற்றுவதைப் பார்ப்பது ஒரே அணுவுக்குள். இவை இரண்டும் வேறு கேள்விகள் என்பதை உணர்ந்தால் முரண்பாடு மறைந்துவிடும். ஸ்லேட்டர் எண்கள் அண்ணளவானவை என்பதை நினைவில் வையுங்கள். அவை போக்கைக் காட்டும், துல்லியமான சக்தியைத் தரமாட்டா.

விதிவிலக்குகளைப் பாடமாக்கத்தான் வேண்டுமா?

ஒரு சிலவற்றை மாத்திரம், அதுவும் காரணத்தோடு. பெரிலியத்தின் முதலாம் அயனாக்கற் சக்தி மூலுக்கு ஏறத்தாழ 899 கிலோயூல். அடுத்துள்ள போரனில் அது 801 ஆகக் குறைகிறது, ஏனெனில் போரனில் போகும் இலத்திரன் 2பி க்கு உரியது, அதை உள்ளேயுள்ள 2எஸ் இலத்திரன்கள் மறைக்கின்றன. நைதரசனில் 1402, ஒட்சிசனில் 1314. ஒட்சிசனின் 2பி ஓபிற்றல்களில் (இலத்திரன்கள் இருக்கும் இடங்களில்) ஒன்றில் இரண்டு இலத்திரன்கள் சோடியாக நெருங்கியிருந்து ஒன்றையொன்று தள்ளுகின்றன, ஆகவே அவற்றில் ஒன்றை வெளியேற்றுவது இலகுவாகிறது. இந்த இரண்டு காரணங்களையும் பிடித்துக்கொண்டால் மக்னீசியம் 738, அலுமினியம் 578 என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

தமிழ் மொழிமூலத்தில் படித்துவந்த நான் ஆங்கில விரிவுரையை எப்படிச் சமாளிப்பது?

இதுவே பிள்ளைகளை அதிகம் வருத்தும் விடயம். விரிவுரை மண்டபத்தின் பின்வரிசையில் தலைகுனிந்து அமர்ந்து, விளங்காததைக் கேட்க வாய்வராமல் போன கெட்டிக்காரப் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் அறிவுக்குக் குறைவு இருக்கவில்லை. அறிந்ததை அறிந்ததாக அடையாளம் காண முடியாததே தடையாக இருந்தது. “அயனைசேஷன் எனர்ஜி” என்று காதில் விழும்போது அது தமக்கு நன்றாகத் தெரிந்த அயனாக்கற் சக்திதான் என்று உடனே பிடிபடுவதில்லை.

ஒரு கொப்பியை இதற்கென்றே ஒதுக்குங்கள். இடப்பக்கத்தில் நீங்கள் பாடசாலையில் படித்த தமிழ்ச் சொல், வலப்பக்கத்தில் விரிவுரையில் கேட்ட சொல். சாலகச் சக்திக்கு எதிரே லற்றிஸ் எனர்ஜி, வீழ்படிவுக்கு எதிரே பிரெசிப்பிற்றேற், நியமிப்புக்கு எதிரே ரைற்றேஷன், அளவிக்கு எதிரே பியூரெற். ஒவ்வொரு நாளும் ஏழெட்டுச் சொற்கள் போதும். முதலாம் அரையாண்டு முடிவதற்குள் அந்தக் கொப்பி தேவைப்படாமல் போகும்.

தமிழில் படித்ததை ஒரு சுமையாக நினைக்காதீர்கள். ஈதற் பிணைப்பு என்ற சொல்லே ஓர் அணு இலத்திரன் சோடியை ஈகிறது என்று சொல்லிவிடுகிறது. வன்னமிலம் வேறு, செறிந்த அமிலம் வேறு என்பது தமிழில் சொல்லளவிலேயே தெளிவு. ஆங்கிலத்தில் முதலில் படிப்பவர்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதை அடிக்கடி காணலாம். இந்தச் சொற்கள் சும்மா வந்தவை அல்ல. காரைதீவில் 1892 இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர் விஞ்ஞானம் கற்றுப் பட்டம் பெற்றவர். 1930களில் சென்னையில் நடைபெற்ற தமிழ்க் கலைச்சொல்லாக்கப் பணியில் முன்னின்று உழைத்தவர். நம் மண்ணைச் சேர்ந்த ஒருவர் உழைத்த துறை இது என்ற நினைவு எனக்கு எப்போதும் பெருமை தருவது.

தமிழில் யோசியுங்கள், நண்பர்களோடு தமிழில் விவாதியுங்கள், விடையை மட்டும் சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்களில் எழுதிப் பழகுங்கள். நீண்ட வாக்கியத்துக்கு எவரும் தனிப் புள்ளி தருவதில்லை.

இரண்டாம் கூட்டத்தின் கரைதிறன் போக்குகள் எனக்கு எப்போதும் மாறிப்போகின்றன.

மக்னீசியத்திலிருந்து பேரியம் நோக்கிப் போகும்போது சல்பேற்றுகளின் கரைதிறன் குறைகிறது, ஐதரொட்சைட்டுகளின் கரைதிறன் கூடுகிறது. மீண்டும் இரண்டு சக்திகளின் போட்டிதான். உப்புக் கரைய வேண்டுமானால் சாலகத்தை உடைக்கும் செலவை, அயன்களை நீர் மூலக்கூறுகள் சூழ்ந்துகொள்ளும்போது கிடைக்கும் வரவு ஈடுசெய்ய வேண்டும். சல்பேற்று அயன் பெரியது. அதன் பக்கத்தில் மக்னீசியம் இருந்தாலென்ன, பேரியம் இருந்தாலென்ன, அயன்களுக்கு இடையிலான தூரம் அவ்வளவாக மாறுவதில்லை. ஆகவே சாலகச் சக்தியும் அதிகம் மாறுவதில்லை. ஆனால் பெரிய பேரியம் அயனை நீர் சூழும்போது கிடைக்கும் வரவு வெகுவாகக் குறைந்துவிடுகிறது. செலவு அப்படியே, வரவு குறைவு, ஆகவே கரைவதில்லை. ஐதரொட்சைட்டு அயன் சிறியதாகையால் அங்கே கற்றயன் (நேரேற்ற அயன்) பெருக்கும்போது சாலகச் சக்தி விரைவாக விழுகிறது; செலவு வரவைவிட வேகமாகக் குறைவதால் கரைதிறன் ஏறுகிறது.

பேரியம் அயன் நஞ்சு. ஆயினும் வயிற்றை எக்ஸ்ரே எடுப்பதற்கு முன் பேரியம் சல்பேற்றைக் குடிக்கக் கொடுப்பார்கள். அது கரையவே கரையாது என்ற ஒன்றே நோயாளியைக் காக்கிறது.

லூயிஸ் கட்டமைப்பு, சோடித் தள்ளுகைக் கொள்கை, கலப்பாக்கம், மூலக்கூற்று ஓபிற்றல் என்று இத்தனை மாதிரிகள். எது உண்மை?

ஒவ்வொன்றும் ஒரு வேலைக்கு உரிய கருவி. மூலக்கூற்றின் வடிவம் வேண்டுமானால் சோடித் தள்ளுகை போதும்: மெதேனில் 109.5 பாகை, அமோனியாவில் ஒரு தனிச்சோடி நெருக்குவதால் 107, நீரில் இரண்டு தனிச்சோடிகள் நெருக்குவதால் 104.5. ஆனால் ஒட்சிசன் மூலக்கூற்றுக்கு லூயிஸ் கட்டமைப்பு வரைந்தால் எல்லா இலத்திரன்களும் சோடியாகிவிடுகின்றன; திரவ ஒட்சிசனைப் பலமான காந்தத்தின் முனைவுகளுக்கு இடையே ஊற்றினாலோ அது அங்கேயே தொங்கி நிற்கிறது. சோடியற்ற இலத்திரன்கள் இருந்தால்தான் அப்படி நடக்கும். மூலக்கூற்று ஓபிற்றல் வரைபடம் அந்த இரண்டு சோடியற்ற இலத்திரன்களையும் நேராகக் காட்டிவிடுகிறது. பரீட்சையில் கேள்வி எதைக் கேட்கிறது என்று பார்த்து அதற்குரிய மாதிரியை எடுங்கள்.

சிக்கற் சேர்வைகள் (உலோக அயனைச் சுற்றி வேறு மூலக்கூறுகளோ அயன்களோ பிணைந்த சேர்வைகள்) ஏன் நிறமுடையவை? அவற்றின் சூத்திரங்களை முதலில் எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனெனில் அது அழகான வரலாறு. கோபாற்று குளோரைட்டும் அமோனியாவும் சேர்ந்து பல நிறங்களில் சேர்வைகள் தருவது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தெரிந்திருந்தது. எல்லாவற்றிலும் ஒரு கோபாற்றுக்கு மூன்று குளோரின். ஆனால் வெள்ளி நைத்திரேற்றைச் சேர்த்தால், ஆறு அமோனியா உள்ள மஞ்சள் சேர்வை மூன்று குளோரைட்டையும் வீழ்படிவாக்கியது, ஐந்து அமோனியா உள்ள ஊதாச் சேர்வை இரண்டை, நான்கு அமோனியா உள்ள பச்சைச் சேர்வை ஒன்றை மட்டுமே. வீழ்படிவாகாத குளோரின் உலோகத்தோடு நேரடியாகப் பிணைந்திருக்கிறது என்றும், கோபாற்றைச் சுற்றி எப்போதும் ஆறு இடங்கள் நிரம்பியிருக்கின்றன என்றும் அல்பிரட் வேர்னர் 1893 இல் சொன்னார். அப்போது இலத்திரனே கண்டுபிடிக்கப்பட்டிருக்கவில்லை. அது 1897 இல். வேர்னருக்கு 1913 இல் நோபல் பரிசு கிடைத்தது. வீழ்படிவை நிறுத்துப் பார்த்தே அணுக்களின் அமைப்பை உய்த்தறிந்த இந்தச் சிந்தனையை மாணவர்கள் நிதானமாக வாசிக்க வேண்டும் என்பது என் ஆசை.

நிறத்துக்கு வருவோம். இணையிகள் (உலோகத்தோடு பிணையும் அமோனியா, நீர் போன்றவை) நெருங்கும்போது உலோகத்தின் ஐந்து டி ஓபிற்றல்களும் ஒரே சக்தியில் இருப்பதில்லை. இரண்டு மட்டங்களாகப் பிரிகின்றன. அந்த இடைவெளிக்குச் சமமான ஒளியை இலத்திரன் உறிஞ்சி மேலே ஏறுகிறது. எஞ்சிய ஒளி நம் கண்ணுக்கு நிறமாகத் தெரிகிறது. நீரில் உள்ள தைத்தேனியம் +3 அயன் பச்சைப் பகுதியை உறிஞ்சி ஊதாவாகத் தோன்றும். டி இலத்திரனே இல்லாத தைத்தேனியம் +4 இன் ஒட்சைட்டு தூய வெண்மை, ஆகவேதான் சுவர்ப்பூச்சில் சேர்க்கிறார்கள். பரமங்கனேற்றிலும் மங்கனீசுக்கு டி இலத்திரன் இல்லை, ஆனாலும் அது கடும் ஊதா. அங்கே ஒட்சிசனிலிருந்து மங்கனீசுக்கு ஏற்றம் இடம்பெயர்வதால் நிறம் வருகிறது. இந்த ஒரு வேறுபாட்டைத் தெளிவாக எழுதத் தெரிந்தவர் நிறம் பற்றிய பாடத்தை விளங்கிக்கொண்டவர்.

செய்முறை வகுப்பில் எனக்கு எதிர்பார்த்த அவதானிப்பு வருவதில்லை. என்ன பிழை?

பெரும்பாலும் அவசரம். செப்புச் சல்பேற்றுக் கரைசலுக்கு அமோனியா சேர்க்கும் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். சோதனைக் குழாயைக் கண்மட்டத்துக்கு உயர்த்தி, ஐதான அமோனியாவை ஒரு துளி விடுங்கள். துளி விழுந்த இடத்தில் வெளிர்நீலப் புகைபோல ஒரு வீழ்படிவு கலங்கி எழும். குழாயை மெல்ல அசைத்து இரண்டாவது, மூன்றாவது துளி விடுங்கள். கரைசல் முழுவதும் பால் கலந்ததுபோல் மங்கலாகும். இன்னும் சேர்த்துக்கொண்டே போனால் மேற்பரப்பிலிருந்து தெளியத் தொடங்கி, கலங்கல் முழுதும் கரைந்து, பேனா மையைப் போன்ற ஆழ்ந்த நீலம் பரவும். அமோனியாவை ஒரேயடியாகக் கவிழ்ப்பவர் அந்த வெளிர்நீல வீழ்படிவைக் காண்பதே இல்லை; பக்கத்தில் இருப்பவரின் கொப்பியைப் பார்த்து எழுதுகிறார். முதலில் அமோனியா மூலமாக நின்று ஐதரொட்சைட்டு அயனைத் தந்தது, பின்னர் இணையியாக நின்று செப்பைத் தனதாக்கிக்கொண்டது. ஒரே பொருளின் இரண்டு வேலைகளும் அந்தக் குழாய்க்குள் அடுத்தடுத்து நடந்தன. அலுமினியத்தின் வெள்ளை வீழ்படிவு மிகை அமோனியாவில் கரையாது, நாகத்தினது கரையும். இந்த வேறுபாடே பண்பறி பகுப்பில் (கரைசலில் எந்த அயன் உண்டு என்று கண்டறிவதில்) இரண்டையும் பிரித்தறிய உதவுகிறது.

நமது கரையோரக் காலநிலைக்கே உரிய சில விடயங்களும் உண்டு. சோடியம் ஐதரொட்சைட்டு வில்லைகளை மணிக்கூட்டுக் கண்ணாடியில் வைத்துவிட்டுத் தராசுக்கு வரிசையில் நின்றால், உங்கள் முறை வருவதற்குள் அவை வியர்த்துப் பளபளக்கத் தொடங்கிவிடும். காற்றிலுள்ள ஈரத்தை அவை அவ்வளவு வேகமாக உறிஞ்சுகின்றன. ஆகவே நிறுத்த எடையை நம்பிச் செறிவைக் கணிக்கக் கூடாது; ஒட்சாலிக்கமிலம் போன்ற நியமப் பொருளொன்றோடு நியமித்தே செறிவை அறிய வேண்டும். செறிந்த அமோனியாப் போத்தலை வெயில் காலத்தில் திறக்கும்போது உள்ளே அமுக்கம் கூடியிருக்கும். புகையலமாரிக்குள் வைத்து, முகத்தை விலக்கி, மெதுவாகத் திறவுங்கள். அளவுக் கண்ணாடிக் கருவிகள் வழமையாக 20 பாகை செல்சியசுக்கு அளவிடப்பட்டவை. நம் ஆய்வுகூடம் 30 பாகையில் இருந்தால் 25 மில்லிலீற்றர் நீர்க்கரைசலில் ஏறத்தாழ 0.06 மில்லிலீற்றர் வேறுபாடு வரும். அளவியை 0.05 வரை வாசிக்கிறோம் என்பதை எண்ணிப் பார்த்தால் இது புறக்கணிக்கத்தக்க அளவன்று.

கடந்தகால வினாத்தாள்களைச் செய்தால் மட்டும் போதுமா?

சித்தியடையப் போதலாம். ஆனால் இரண்டாம் வருடத்தில் ஈதல் இரசாயனம் (சிக்கற் சேர்வைகளின் இரசாயனம்) விரிவாக வரும்போது அடித்தளம் ஆட்டம் காணும். முதலில் பாடம், பின்னர் வினாத்தாள்.

கணிதத்தில் நான் பலவீனம். உயிரியல் பிரிவிலிருந்து வந்தேன்.

முதலாம் வருட அசேதனத்துக்கு மடக்கையும் எளிய சமன்பாடுகளும் போதும். தயங்க வேண்டாம்.

இதற்கும் நம் ஊருக்கும் என்ன தொடர்பு?

வீட்டுக் குழாய்க்கிணற்றுக்குப் போய்ப் பாருங்கள். இரு மாவட்டங்களிலும் சில இடங்களில் பம்பிலிருந்து வரும்போது கண்ணாடிபோலத் தெளிவாக இருக்கும் நீர், வாளியில் சில மணி நேரம் நின்றபின் மஞ்சளாகி, அடியில் செம்மண் நிறப் படிவு தங்கும். நிலத்துக்கடியில் ஒட்சிசன் இல்லாத இடத்தில் இரும்பு +2 நிலையில் கரைந்து கிடக்கிறது. மேலே வந்து காற்றுப் பட்டதும் ஒட்சியேற்றமடைந்து +3 ஆகிறது. +3 அயன் சிறியது, ஏற்றம் கூடியது. தன்னைச் சூழ்ந்த நீர் மூலக்கூறுகளிலுள்ள பிணைப்பை இழுத்துப் புரோத்தனை வெளியேற்றி, கரையாத ஐதரொட்சைட்டாகப் படிந்துவிடுகிறது. நீங்கள் படித்த ஒட்சியேற்ற எண், ஏற்றத்துக்கும் ஆரைக்கும் உள்ள விகிதம், நீர்ப்பகுப்பு, கரைதிறன் ஆகிய நான்கும் அந்த வாளிக்குள் இருக்கின்றன.

அந்த நீரில் துவைத்த வெள்ளைப் பாடசாலைச் சட்டையில் விழும் கறையை எடுக்க நம் வீடுகளில் தேசிக்காய் தேய்ப்பார்கள். சித்திரிக்கமிலத்தின் அமிலத்தன்மை ஐதரொட்சைட்டைக் கரைக்கிறது. அதன் அன்னயன் (மறையேற்ற அயன்) தன் ஒட்சிசன் அணுக்களால் இரும்பு அயனைப் பற்றிக் கரையக்கூடிய சிக்கல் அயனாக்குகிறது, அது அலசும் நீரோடு போய்விடுகிறது. தேய்த்தபின் சட்டையை நன்றாக அலச வேண்டும். அலசாமல் வெயிலில் போட்டால் பற்றிய இரும்பு துணியிலேயே தங்கி மீண்டும் மஞ்சளிக்கும்.